எலும்பு மீனைப் பார்த்துப் படிப்பது எப்படி?

மீனின் உடலமைப்பைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஒரு மீன் போதாது, இரண்டு வேண்டும் என்பதுதான். ஒரே ஒரு மீனை மேசையில் வைத்துக்கொண்டால் துடுப்பு, செதில், செவுள் என்று பெயர்கள் மனப்பாடமாகும். பக்கத்தில் இன்னொன்று கிடந்தால்தான் "இதற்கு இங்கே இருக்கும் துடுப்பு அதற்கு ஏன் அங்கே போயிற்று?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் உறுப்புகள் அடையாளங்களாக மாறும்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொண்ட ஜோடி, ஒரு ஜிலேபி மீன் (திலாப்பியா), ஒரு சாதாக் கெண்டை. இரண்டும் உலகின் பல நாடுகளில் வளர்க்கப்படுகிற நன்னீர் மீன்கள். முதல் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தோன்றும்: தட்டையான உடல், பெரிய செதில், முதுகில் நீளமாக ஒரு துடுப்பு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் இவை எவ்வளவு தூரத்து உறவு என்பது விளங்கிவிடும். சாதாக் கெண்டை கிடைக்காவிட்டால் ரோகுவோ கட்லாவோ எடுத்துக்கொள்ளலாம். அவையும் கெண்டைக் குடும்பம்தான்.

மேசையில் வைப்பதற்கு முன்

மீன் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் வசதி. அதைவிடச் சிறியதில் உள்ளுறுப்புகளைப் பிரித்துப் பார்ப்பது கடினம். குடல் எடுக்காத, செதில் உரிக்காத முழு மீனாக இருக்க வேண்டும். கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருந்தால் உள்ளே எல்லாம் கெடாமல் இருக்கும் என்று நம்பலாம். கண் குழிந்து வெளுத்துப்போன மீனை வைத்துப் படிக்க முயலாதீர்கள். குடலும் கல்லீரலும் குழைந்து, எது எதுவென்றே தெரியாது.

கருவிகள் அதிகம் தேவையில்லை. ஒரு தட்டு, முனை மழுங்கிய சிறு கத்தரி, இடுக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், அளவுகோல், மெல்லிய தூரிகை, நோட்டு, பென்சில். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஜிலேபியின் முதுகு முள் ஆழமாகக் குத்தும்.

தட்டில் வைத்தவுடன் முதல் வேலை நிறத்தைக் குறித்துக்கொள்வது. மீன் இறந்த பிறகு மங்குகிற முதல் விஷயம் நிறம்தான். வெள்ளி மினுமினுப்பு குவானைன் என்ற பொருளின் மெல்லிய படிகங்கள் ஒளியைத் திருப்புவதால் வருவது, அது ஓரளவு தங்கும். மற்ற நிறங்கள் நிறமிச் செல்களில் இருப்பவை, விரைவில் மாறிவிடும். முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதைக் கவனியுங்கள். மேலிருந்து பார்க்கும் பறவைக்கு அடியிலுள்ள இருட்டோடும், கீழிருந்து பார்க்கும் வேட்டை மீனுக்கு மேலேயுள்ள வெளிச்சத்தோடும் உடல் கலந்துபோகிறது.

அடுத்தது நீளம். வாய் நுனியிலிருந்து வால் துடுப்பின் அடிவரை அளப்பதைத்தான் ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். வால் நுனி கிழிந்தும் தேய்ந்தும் போவதால் அதை நம்புவதில்லை. அடி எங்கே என்று தெரியாவிட்டால் வாலைப் பக்கவாட்டில் லேசாக வளையுங்கள். மடிப்பு விழுகிற இடம்தான் அது. படம் வரையும்போது தலை இடப்பக்கம் இருக்கட்டும். மீன் நூல்களில் அதுதான் வழக்கம், பின்னால் ஒப்பிட எளிது.

இது எலும்பு மீன்தானா?

உலகில் அறியப்பட்ட மீன் இனங்கள் 30,000க்கும் மேல். அவற்றில் சுறா, திருக்கை முதலான குருத்தெலும்பு மீன்கள் ஆயிரத்துச் சொச்சம்தான். தாடையே இல்லாத மீன்கள் இன்னும் குறைவு. மற்ற எல்லாமே எலும்பு மீன்கள். அதனால் கையில் கிடைப்பது பெரும்பாலும் எலும்பு மீனாகவே இருக்கும் என்றாலும், எதை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்பது தெரிய வேண்டும்.

தலையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஜிலேபியிலும் கெண்டையிலும் ஒவ்வொரு பக்கமும் கடினமான ஒரு தகடு இருக்கிறது. அதுதான் செவுள் மூடி. சுறாவிலும் திருக்கையிலும் அந்த மூடி கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஐந்து முதல் ஏழு வரை செவுள் பிளவுகள் வெளியே தெரியும்.

இப்போது முதுகுத் துடுப்பை விரலால் விரித்து மடக்குங்கள். விசிறிபோல் விரியும், மடங்கும். உள்ளே எலும்புக் கதிர்கள், அவற்றுக்கிடையே மெல்லிய சவ்வு. சுறாவின் துடுப்பு இப்படி மடங்காது, தடித்து விறைப்பாக நிற்கும். செதிலும் வேறு. எலும்பு மீனின் செதில் ஓட்டுக்கூரைபோல் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். சுறாவின் தோலில் இருப்பவை நுண்ணிய பற்கள் போன்றவை, உள்ளே பற்கூழும் மேலே எனாமல் போன்ற பூச்சும் உண்டு. வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் உப்புத்தாள் போலிருக்கும். சுறாவின் வாலில் மேல்மடல் நீண்டிருக்கும். நம் இரண்டு மீன்களிலும் மேலும் கீழும் ஏறத்தாழச் சமம்.

இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஸ்டர்ஜன் மீனின் எலும்புக்கூடு பெரும்பகுதி குருத்தெலும்புதான், வாலின் மேல்மடலும் சுறாவைப்போல் நீண்டது. ஆனாலும் அது எலும்பு மீன் வகுப்பைச் சேர்ந்தது, செவுள் மூடியும் துடுப்புக் கதிர்களும் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. மறுபக்கம், ஆழ்கடலில் வாழும் கைமேரா மீன்களுக்குப் பக்கத்துக்கு ஒரே ஒரு செவுள் திறப்புதான் வெளியே தெரியும், அதன்மேல் சதை மடிப்பு மூடியிருக்கும். அவையோ குருத்தெலும்பு மீன்கள். மூன்று நான்கு அடையாளங்கள் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெயர் சொல்ல வேண்டும்.

தலையில் தொடங்குங்கள்

வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று முதலில் பாருங்கள். நேராக முன்னால் திறந்தால் நடுநீரில் இரை பிடிக்கிறது. மேல்நோக்கி இருந்தால் நீர்ப்பரப்பில். கீழ்நோக்கி இருந்தால் தரையில் மேய்கிறது. இடுக்கியால் மேல் உதட்டைப் பிடித்து மெல்ல முன்னால் இழுங்கள். இரண்டு மீன்களிலும் வாய் குழாய்போல் நீண்டு வருவதைக் காணலாம், கெண்டையில் அது சற்றுக் கீழ்நோக்கி நீளும். வாயை இப்படி நீட்டும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது, இரை தண்ணீரோடு சேர்ந்து உறிஞ்சப்படுகிறது. எலும்பு மீன்களின் வெற்றிக்கு இந்த நகரும் தாடை ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

ஜிலேபியின் தாடையில் விரலை வைத்தால் சிறுசிறு பற்கள் வரிசையாகத் தட்டுப்படும். கெண்டையின் தாடையில் ஒரு பல்கூட இருக்காது. அதற்குப் பற்களே இல்லை என்று எழுதிவிடாதீர்கள், அவை வேறோர் இடத்தில் இருக்கின்றன. செவுளைத் திறக்கும்போது பார்ப்போம். கெண்டையின் உதட்டோரத்தில் இரண்டு ஜோடி மீசைகள் உண்டு. சுவை உணரும் மொட்டுகள் அவற்றில் நிறைந்திருக்கின்றன. கலங்கிய தண்ணீரில் சேற்றைத் துழாவும் மீனுக்குக் கண்ணைவிட அவைதான் கைகொடுக்கும்.

கண்ணுக்கும் வாய்க்கும் நடுவே மூக்குத்துளை. இதை எண்ணாமல் தாண்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். கெண்டையில் ஒரு பக்கத்துக்கு இரண்டு துளைகள், முன்துளையில் நுழைந்த தண்ணீர் பின்துளை வழியாக வெளியேறும். பெரும்பாலான எலும்பு மீன்களில் இப்படித்தான். ஜிலேபியில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு துளை. அதன் குடும்பமான சிக்லிடு மீன்களின் அடையாளங்களில் இதுவும் ஒன்று. இந்த மூக்கு வாயோடு இணைந்ததில்லை. மணம் அறிய மட்டும்தான், மூச்சுக்குச் சம்பந்தமில்லை.

கண்ணுக்கு இமை இல்லை. உள்ளே இருக்கும் லென்ஸ் கோலிகுண்டு போல உருண்டையானது. கடைசியில் நேரம் இருந்தால் அதை எடுத்துத் துடைத்து, அச்சிட்ட எழுத்தின்மேல் வைத்துப் பாருங்கள். புதிய மீனாக இருந்தால் எழுத்து பெரிதாகத் தெரியும். நம் கண் லென்ஸின் வளைவை மாற்றித் தூரத்தைச் சரிசெய்கிறது. மீன், கேமராவைப்போல, லென்ஸையே முன்னும் பின்னும் நகர்த்துகிறது.

துடுப்புகளை எண்ணுவது

பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த இடம் சலிப்பூட்டும். எனக்கோ மீனின் உடலில் மிகப் பிடித்த பகுதி இதுதான். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடனைச் சேர்ந்த பீட்டர் ஆர்டெடி மீன்களை வகைப்படுத்த உட்கார்ந்தபோது நம்பியது இந்த எண்ணிக்கையைத்தான். துடுப்பில் மென்கதிர் மட்டும் உள்ளவை ஒரு பக்கம், முள் உள்ளவை மறுபக்கம் என்று அவர் பிரித்தார். 1735-ல் ஆம்ஸ்டர்டாமில் கால்வாயில் விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 30தான். நண்பர் லின்னேயஸ் அவருடைய கையெழுத்துப் பிரதிகளை 1738-ல் அச்சேற்றினார். இன்றும் ஒரு மீனை விவரிக்கிறவர்கள் முட்களையும் கதிர்களையும் எண்ணித்தான் தொடங்குகிறார்கள்.

துடுப்புகள் இருவகை. தனித்தனியாக இருப்பவை முதுகுத் துடுப்பு, வால் துடுப்பு, ஆசனவாய்க்குப் பின்னால் இருக்கும் மலப்புழைத் துடுப்பு. ஜோடியாக இருப்பவை மார்புத் துடுப்பும் இடுப்புத் துடுப்பும். நம் முன்னோரின் கைகால்கள் இந்த ஜோடித் துடுப்புகளிலிருந்து வந்தவை.

முதலில் ஜிலேபியின் முதுகுத் துடுப்பை விரித்து ஊசியால் குத்தி நிறுத்துங்கள். முன்பகுதியில் கூரான முட்கள், பின்பகுதியில் வளையும் மென்கதிர்கள். முட்கள் 15 முதல் 18 வரை இருக்கும். முள்ளையும் மென்கதிரையும் கைலென்ஸில் ஒப்பிடுங்கள். முள் ஒற்றையானது, கணுவில்லாதது, நுனி பிரியாதது. மென்கதிரில் மூங்கில் குச்சிபோல் குறுக்கே கணுக்கள் தெரியும், நுனி கிளை பிரியும், இடமும் வலமுமாக இரண்டு பாதிகள் ஒட்டி நிற்கும். எழுதும்போது முட்களை ரோமன் எண்ணிலும் கதிர்களைச் சாதாரண எண்ணிலும் குறிப்பது வழக்கம். கடைசி இரண்டு கதிர்கள் பெரும்பாலும் ஒரே அடியிலிருந்து பிரிந்திருக்கும். அவற்றை ஒன்றாக எண்ண வேண்டும். புதியவர்களின் கணக்கு ஒன்று கூடிவிடுவதற்கு இதுதான் காரணம்.

அடுத்து கெண்டை. அதன் முதுகுத் துடுப்பின் தொடக்கத்தில் ரம்பம்போல் பல்வைத்த கடினமான ஒரு முள் இருக்கும். அதைப் பார்த்ததும் இதுவும் முள் மீன் என்று எழுதத் தோன்றும். உண்மையில் அது இரண்டு பாதிகள் சேர்ந்து இறுகிப்போன மென்கதிர். கெளுத்தியின் மார்புத் துடுப்பில் இருக்கும் கொடிய முள்ளும் இப்படி வந்ததுதான்.

இனி இரண்டு மீன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இடுப்புத் துடுப்பைத் தேடுங்கள். கெண்டையில் அது வயிற்றின் நடுவில், மார்புத் துடுப்புக்கு வெகுதூரம் பின்னால் இருக்கும். ஜிலேபியிலோ மார்புத் துடுப்புக்கு நேர்கீழே வந்துவிட்டது, அதில் ஒரு முள்ளும் ஐந்து கதிர்களும் இருக்கும். மார்புத் துடுப்பும் மாறியிருக்கிறது: கெண்டையில் உடலின் அடிப்பக்கம், ஜிலேபியில் பக்கவாட்டில் உயரே. பழைய அமைப்பு கெண்டையினுடையது, பின்னால் வந்தது ஜிலேபியினுடையது. மார்புத் துடுப்பு பக்கவாட்டுக்கு ஏறியதும் அதை நிறுத்து கருவியாகவும் திருப்பு கருவியாகவும் பயன்படுத்த முடிந்தது. பவளப்பாறை இடுக்கில் மீன்கள் சட்டென்று நின்று திரும்புவதைப் பார்த்திருந்தால் இந்த இடமாற்றத்தின் அருமை தெரியும்.

வாலைப் பற்றி ஒரு விஷயம். வெளியே இரண்டு மடலும் சமமாகத் தெரிந்தாலும் உள்ளே அப்படியில்லை. வால் அடியின் தோலை உரித்துப் பார்த்தால் முதுகெலும்பின் கடைசித் துண்டு மேல்நோக்கி வளைந்திருக்கும். அதன் அடிப்பக்கத்திலிருந்து விசிறிபோல் கிளம்பும் தட்டை எலும்புகள்தான் வால் துடுப்பு முழுவதையும் தாங்குகின்றன. சமமில்லாத பழைய வாலிலிருந்து சமமான வால் உருவானதற்கான தடயம் இது. சூரை மீன் போன்ற நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு வால் பிறைபோல் குறுகி வளைந்திருக்கும். ஒளிந்திருந்து பாய்கிற விராலுக்கு வட்டமாக அகன்றிருக்கும்.

இந்த இரண்டு மீன்களிலும் காண முடியாத துடுப்பு வகை ஒன்று உண்டு. சதைப்பற்றான தண்டின் நுனியில் கதிர்கள் அமைந்த மடல் துடுப்பு. நுரையீரல் மீன்களுக்கும் சீலகாந்துக்கும் அது இருக்கிறது. சீலகாந்து டைனோசர்களோடு அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1938-ல் தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் ஒரு மீன்பிடிப் படகில் வந்த விசித்திர மீனை, அருங்காட்சியகத்தில் பணியாற்றிய மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் கவனித்து எடுத்து வைத்தார். துடுப்பை ஊன்றிக் கவனிக்கிற ஒருவர் அன்று அங்கே இருந்ததால்தான் நமக்கு அது தெரியவந்தது.

செதிலும் பக்கக்கோடும்

ஒவ்வொரு மீனிலிருந்தும் முதுகுத் துடுப்புக்குக் கீழேயிருந்து ஒரு செதிலை இடுக்கியால் உருவி, கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மரத்தின் வளையம்போல் கோடுகள் தெரியும். செதில்கள் எண்ணிக்கையில் கூடுவதில்லை, மீனோடு சேர்ந்து ஒவ்வொன்றும் வளர்கிறது. உணவு குறைந்த காலத்தில் வளையங்கள் நெருங்கும், வளமான காலத்தில் விலகும். குளிர்காலமும் கோடைகாலமும் தெளிவாக மாறிவரும் இடங்களில் இதை வைத்து வயது கணிக்கிறார்கள்.

செதிலின் பின்விளிம்பு மழமழவென்று இருந்தால் அது சைக்ளாய்டு. சீப்புபோல் நுண்பற்கள் இருந்தால் டீனாய்டு. 1830களில் லூயிஸ் அகாசி மீன்கள் அனைத்தையும் செதிலை வைத்தே நான்கு கூட்டமாகப் பிரித்தார், அந்த வகைப்பாடு நிற்கவில்லை, பெயர்கள் மட்டும் நின்றன. முள்துடுப்பு மீன் என்றால் டீனாய்டு செதில்தான் என்று பல குறிப்புகளில் எழுதியிருக்கும். ஆனால் உங்கள் தட்டில் இருக்கும் ஜிலேபியின் செதில் சைக்ளாய்டு. கையால் தொட்டுப் பார்த்ததை நம்புங்கள்.

உடலின் பக்கவாட்டில் செதில்களின் நடுவே வரிசையாகச் சின்னத் துளைகள் ஓடும். அதுதான் பக்கக்கோடு. தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாய், அதற்குள் உணர்மயிர் கொண்ட செல்கள். தண்ணீரின் சிறு அசைவையும் அவை பிடித்துவிடும். கூட்டமாக நீந்தும் மீன்கள் ஒன்றோடொன்று மோதாமல் திரும்புவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. கெண்டையில் இந்தக் கோடு செவுள் மூடியிலிருந்து வால்வரை அறுபடாமல் போகும். ஜிலேபியில் இரண்டு துண்டு: முன்பாதி மேலே ஓடி நின்றுவிடும், பின்பாதி கீழே தொடங்கும். செவுள் மூடிக்குப் பின்னால் உள்ள முதல் துளைச் செதிலிலிருந்து வால் மடிப்புவரை எண்ணி எழுதுங்கள். இனத்தைக் கண்டுபிடிக்க இந்த எண் மிகவும் பயன்படும்.

செவுள் மூடிக்குள்

மூடியைத் தூக்கி, அடியில் இருக்கும் மென்சவ்வைக் கவனியுங்கள். அதைத் தாங்கும் வளைந்த குச்சி எலும்புகள் கெண்டையில் மூன்றுதான். பிறகு கத்தரியால் மூடியை அடியோடு வெட்டி எடுங்கள். நான்கு செவுள் வளைவுகள் அடுக்காகத் தெரியும். ஒன்றை மட்டும் மேலும் கீழும் வெட்டி எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். காற்றில் ஒட்டிக்கிடந்த இழைகள் தண்ணீரில் இறகுபோல் விரியும். கரையில் போட்ட மீன் மூச்சுத் திணறுவது ஏன் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. சுற்றிலும் ஆக்சிஜன் நிறைந்த காற்று இருக்கிறது, ஆனால் இழைகள் ஒட்டிக்கொண்டதால் பரப்பு போய்விடுகிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், அதே கன அளவு காற்றில் இருப்பதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். அந்தச் சொற்பத்தையும் விடாமல் எடுக்க மீன் ஒரு வழி வைத்திருக்கிறது. இழைகளில் இரத்தம் ஓடும் திசையும் தண்ணீர் ஓடும் திசையும் எதிரெதிர். அதனால் இரத்தம் நகர நகர, தன்னைவிட ஆக்சிஜன் கூடுதலான தண்ணீரையே சந்தித்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் பாதியிலேயே சமமாகி நின்றுவிடும். உயிருள்ள மீனை மீன்தொட்டியில் பார்க்க வாய்த்தால் வாயும் செவுள் மூடியும் மாறிமாறித் திறப்பதைக் கவனியுங்கள். வாய் திறக்கும்போது மூடி சாத்தியிருக்கும், வாய் மூடியதும் மூடி திறக்கும். தண்ணீர் ஒருவழிப் பாதையில் மட்டுமே போகும்.

வளைவின் உட்பக்கத்தில் பல்வரிசை போலிருப்பவை செவுள் சல்லடை முட்கள். நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும் மீனில் அவை நெருக்கமாக, நீளமாக இருக்கும். பிற மீன்களை விழுங்குகிறவற்றில் குட்டையாகச் சிலவே இருக்கும். மீனின் வயிற்றைத் திறக்காமலே அது என்ன தின்கிறது என்று ஊகிக்க இது ஒரு வழி.

இப்போது கடைசி வளைவுக்கும் பின்னால் விரலை விடுங்கள். கெண்டையின் பற்கள் அங்கேதான் இருக்கின்றன. தொண்டைப் பற்கள், ஒரு பக்கத்துக்கு மூன்று வரிசை, கடைவாய்ப் பல்போல் தட்டையானவை. மண்டையோட்டின் அடியில் உள்ள கொம்புப் பொருளாலான திண்டோடு சேர்ந்து அவை இரையை அரைக்கும். ஜிலேபிக்குத் தாடைப் பற்களோடு தொண்டையிலும் ஒரு முக்கோணத் தகடு நிறையப் பற்கள் உண்டு.

வயிற்றைத் திறப்பது

ஆசனவாய்க்குச் சற்று முன்னால் கத்தரியின் மழுங்கிய முனையை நுழைத்து, நடுக்கோட்டில் தலையை நோக்கி வெட்டுங்கள். முனையை எப்போதும் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆழமாக விட்டால் பித்தப்பை உடைந்து, பச்சை நீர் எல்லாவற்றிலும் பரவிவிடும். பிறகு செவுளின் பின்விளிம்பை ஒட்டி மேல்நோக்கியும், ஆசனவாயிலிருந்து முதுகெலும்புவரை மேல்நோக்கியும் வெட்டி, அந்தப் பக்கச் சுவரைக் கதவுபோல் தூக்கி எடுத்துவிடுங்கள். எதையும் பிடுங்காமல், இருக்கும் இடத்திலேயே முதலில் படம் வரையுங்கள்.

இதயம் எங்கே என்று தேடுகிறவர்கள் வயிற்றறையில் தேடுவார்கள். அது தொண்டைக்கடியில், செவுளுக்குப் பின்னால் தனி அறையில் இருக்கிறது. ஓர் ஆரிக்கிள், ஒரு வெண்ட்ரிக்கிள். வெண்ட்ரிக்கிளின் முன்னால் வெள்ளையாக ஒரு குமிழ் தெரியும். ஒவ்வொரு துடிப்பிலும் பீறிடும் இரத்த அழுத்தத்தைத் தாங்கி, மெல்லிய செவுள் நாளங்களுக்குச் சீராக அனுப்புவது அதன் வேலை. இரத்தம் இதயத்திலிருந்து செவுளுக்கும், அங்கிருந்து நேராக உடலுக்கும் போகும். நடுவில் மறுபடி இதயத்துக்கு வருவதில்லை.

உணவுப்பாதையில் இரண்டு மீன்களும் பிரிகின்றன. ஜிலேபிக்குப் பை போன்ற சிறு இரைப்பை உண்டு. கெண்டைக்கு இரைப்பையே கிடையாது, உணவுக்குழாய் நேராகக் குடலில் முடியும். இரண்டின் குடலும் நீளமாகச் சுருண்டிருக்கும், தாவர உணவு செரிக்க நேரம் வேண்டும் என்பதால். கெண்டையின் கல்லீரல் குடல் மடிப்புகளுக்கிடையே பரவிக் கிடக்கும், தனி உறுப்பாகப் பிரித்தெடுக்க முயன்றால் கிழியும். அடர்சிவப்பாகச் சிறிதாக இருப்பது மண்ணீரல். பெண் மீனாக இருந்தால் மணிமணியாகச் சினை தெரியும். ஆண் மீனில் வெளிர்நிறமாக, வழவழப்பாக விந்தகம்.

குடலை ஒதுக்கினால் முதுகெலும்பை ஒட்டி வெள்ளி நிறத்தில் ஊதிய பை. அதுதான் காற்றுப்பை, சுறாக்களுக்கு இல்லாதது. சதையும் எலும்பும் தண்ணீரைவிடக் கனமானவை, அந்தக் கனத்தைக் காற்றால் ஈடுகட்டி, நீந்தாமலே ஓரிடத்தில் நிற்க எலும்பு மீனால் முடிகிறது. சுறா எண்ணெய் நிறைந்த பெரிய கல்லீரலைக் கொண்டு ஓரளவுதான் ஈடுகட்டுகிறது.

கெண்டையின் காற்றுப்பை நடுவில் இடுங்கி இரண்டு அறைகளாக இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் உணவுக்குழாய்க்குப் போகும். தூரிகையால் கொழுப்பை ஒதுக்கித் தேடினால் கிடைக்கும். மேலே வந்து காற்றை விழுங்கி இந்தக் குழாய் வழியாகப் பையை நிரப்பலாம், வெளியேற்றவும் செய்யலாம். ஜிலேபியில் அந்தக் குழாய் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, பை மூடியது. இரத்தத்திலிருந்தே வாயுவைப் பிரித்து நிரப்பும் சிவந்த சுரப்பியும், அதை ஒட்டிய நுண்நாளப் பின்னலும் அதன் சுவரில் இருக்கின்றன. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்பட்ட மீன்களின் வயிறு ஊதி வாய்வழியே பிதுங்குவது, இப்படி மூடிய பையில் உள்ள வாயு வெளியேற வழியில்லாமல் விரிவதால்தான்.

கெண்டையின் பை இன்னொரு வேலையும் செய்கிறது. அதன் முன்முனைக்கும் உள்காதுக்கும் நடுவே முதுகெலும்பின் முதல் கணுக்களிலிருந்து உருவான சிற்றெலும்புச் சங்கிலி இருக்கிறது. ஒலி பட்டுப் பை அதிரும்போது அதிர்வு இந்த எலும்புகள் வழியே காதுக்குப் போகும். 1820-ல் ஜெர்மானிய உடலியலாளர் வெபர் இதை விவரித்தார், அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. கெண்டைக்கும் கெளுத்திக்கும் வெளித்தோற்றத்தில் என்ன ஒற்றுமை என்று கேட்டால் மீசையைத் தவிர அதிகம் சொல்ல முடியாது. இந்தச் சிற்றெலும்புகள்தான் இரண்டும் ஒரே பெருங்கூட்டம் என்று சொல்கின்றன.

பைக்கு மேலே முதுகெலும்பை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்புப் பட்டை சிறுநீரகம். உறைந்த இரத்தம் என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். நன்னீர் மீனின் உடலுக்குள் தண்ணீர் இடைவிடாமல் ஊறிக்கொண்டே இருக்கும், அதை நீர்த்த சிறுநீராக வெளியேற்றுவது இதன் வேலை. கடல் எலும்பு மீனுக்கு நேர்மாறு: உடல்நீர் வெளியே போய்க்கொண்டிருப்பதால் கடல்நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியே தள்ளும்.

தசையும் முள்ளும்

மறுபக்கத்துத் தோலை உரித்தால் தசைக் கட்டுகள் பக்கவாட்டில் படுத்த 'டபிள்யூ' எழுத்துபோல் மடிந்து அடுக்கியிருக்கும். ஒரு கட்டு சுருங்கினாலும் பல கணுக்கள் சேர்ந்து வளைய இந்த மடிப்பு உதவுகிறது. பக்கக்கோட்டுக்கு அடியில் சிவந்த பட்டை மெல்லியதாக இருக்கும், அது சோர்வில்லாமல் நீந்துவதற்கான தசை. மீதி வெளுத்தது, திடீர்ப் பாய்ச்சலுக்கு. கெண்டையின் தசையை விரலால் பிரித்தால் 'ஒய்' வடிவ நுண்முட்கள் வரும். விலாவோடும் முதுகெலும்போடும் சேராத தசைநடு எலும்புகள் அவை. ஜிலேபியில் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

கடைசியாகக் காதுக்கல்

இதற்கு ஜிலேபிதான் ஏற்றது. கெண்டையின் கற்கள் எளிதில் உடையும். கண்ணுக்குச் சற்று மேலே கத்தியைப் படுக்கையாக வைத்து, மண்டையின் மேல்பகுதியைப் பின்னோக்கிச் சீவி எடுங்கள். மூளை தெரியும். அதை ஒதுக்கினால் அடியில், பின்பக்கம், இடமும் வலமுமாகப் பைக்குள் வெண்மையான கற்கள். உள்காதில் பக்கத்துக்கு மூன்று கல், கண்ணில் படுவது பெரும்பாலும் பெரியது மட்டுமே. கால்சியம் கார்பனேட்டால் ஆன இந்தக் கல், மீன் வாழும் நாளெல்லாம் அடுக்கடுக்காக வளர்கிறது. ஆண்டு வளையங்களோடு, அன்றாட வளையங்களும் இதில் உண்டு என்று 1971-ல் ஜோர்ஜோ பனெல்லா எழுதினார். அதன்பின் ஒரு மீன்குஞ்சு பிறந்து எத்தனை நாள் என்பதுவரை எண்ண முடிந்தது. கழுவி உலர்த்தி, மீனின் நீளத்தையும் தேதியையும் எழுதிய சிறு உறையில் போட்டு வையுங்கள்.

இரண்டு மீன்களும் முடிந்த பிறகு மூன்றாவதாக ஒரு விலாங்கை எடுத்துக்கொள்ளலாம். இதுவரை எழுதியதில் பாதி அதில் பொருந்தாது. இடுப்புத் துடுப்பு இல்லை. முதுகுத் துடுப்பும் வால் துடுப்பும் மலப்புழைத் துடுப்பும் ஒன்றாக இணைந்திருக்கும். செதில் இல்லை என்றே தோன்றும், தோலைச் சுரண்டி லென்ஸில் பார்த்தால் உள்ளே புதைந்த நுண்செதில்கள் தெரியும். செவுள் மூடியையும் உடனே காண முடியாது. மார்புத் துடுப்பைக் கண்டுபிடித்து, அதற்கு ஒட்டினாற்போல் முன்னால் சளியைத் துடையுங்கள். ஒரு சிறு பிளவு தெரியும். கத்தரியை அங்கே நுழைத்துத் தொடங்குங்கள்.